ஆழத்தில் நிற்கும் டிரவுட்டுக்கு ஃபிளை தூண்டில்: கோலாலம்பூரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டிரவுட் குளிர்நாட்டு மீன், நம் ஊர் மீன் இல்லை. பூச்சோங் பக்கமோ சுங்கை பெசி பக்கமோ உள்ள பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் காலை ஏழு மணிக்கே தண்ணீர் 28, 29 டிகிரி இருக்கும். டிரவுட்டுக்கு 20ஐத் தாண்டினாலே மூச்சு முட்டத் தொடங்கிவிடும், 25ஐ நெருங்கினால் பிழைப்பதே கஷ்டம். பிறகு எதற்கு இந்தக் கட்டுரை என்றால், நம் ஊர் மீன்களான தோமானுக்கும் செபாராவுக்கும் ஃபிளை, அதாவது பூச்சியோ குட்டிமீனோ போலக் கட்டிய செயற்கை ஈ, வீசப் பழகிய நம்மவர்கள் சிலர் இப்போது நியூசிலாந்துக்கோ டாஸ்மேனியாவுக்கோ டிக்கெட் போட ஆரம்பித்திருக்கிறார்கள், போய்வந்து ஏரியில் மீனே இல்லை என்று புலம்புகிறார்கள். நானும் அப்படிப் புலம்பியவன்தான்.

முதல் தடவை நானும் மச்சானும் நியூசிலாந்தில் ரோட்டோருவா பக்கத்து ஏரி ஒன்றில் மூன்று நாள் படகில் உட்கார்ந்தோம். இரண்டரை நாளுக்கு ஒரு கடிகூட இல்லை. மூன்றாம் நாள் மதியம் மச்சான் லைனை வீசிவிட்டு, கம்பைத் தொடையில் சாய்த்துக்கொண்டு, டீ ஃபிளாஸ்க் மூடியோடு மல்லுக்கட்டினார். மூடி இறுகிப்போயிருந்தது. ஒரு நிமிஷத்துக்கு மேல் போயிருக்கும். அலுத்துப்போய் ஃபிளாஸ்க்கை வைத்துவிட்டு லைனை இழுத்தார், இழுத்த கை பாதியில் நின்றது. ஒன்றரைக் கிலோ ரெயின்போ டிரவுட். அடுத்த வீச்சில் உடனே இழுத்தார், ஒன்றும் இல்லை. "மச்சான், பேசாம ஃபிளாஸ்க்கைத் திரும்ப இறுக்கி மூடுங்க" என்று கேலியாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அதுவரை எங்கள் ஈக்கள் மீனின் தலைக்கு மேலே எங்கேயோ போய்க்கொண்டிருந்திருக்கின்றன.

அதனால் முதலில் ஆழம், அப்புறம் இழுக்கும் வேகம், கடைசியில்தான் எந்த ஈ என்ற கேள்வி. கடையில் போய் நாம் பணம் செலவழிப்பது இதற்கு நேர்த்தலைகீழான வரிசையில்.

ஏரி என்பது மூன்றடுக்குத் தே

நம் கடைகளில் நீளக் கண்ணாடிக் கிளாஸில் தரும் மூன்றடுக்குத் தேயை நினைத்துக்கொள்ளுங்கள், கலக்குவதற்கு முன் இருக்கிற மாதிரி: அடியில் வெல்லப் பாகு, நடுவில் பால், மேலே தேச்சாயம். கோடையில் குளிர்நாட்டு ஏரியும் அப்படித்தான் அடுக்கு கட்டிக்கொள்ளும். மேலே வெயில் பட்ட இளஞ்சூட்டுத் தண்ணீர், அடியில் கனமான குளிர்ந்த தண்ணீர், நடுவில் சில மீட்டருக்குள் வெப்பம் சட்டென்று இறங்குகிற ஒரு மெல்லிய அடுக்கு. இந்த நடு அடுக்குக்குத் தெர்மோக்ளைன் என்று பெயர். மேலே டிரவுட்டுக்குச் சூடு அதிகம். அடியில் குளிர்ச்சி உண்டு, ஆனால் பாசியும் செடியும் செழித்த ஏரிகளில் அழுகி இறங்கும் குப்பை அங்கே உள்ள ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும், மேலிருந்து புதிதாக வந்து சேரவும் வழியில்லை. ஆக, மீன் அந்த நடு அடுக்கை ஒட்டி, பெரும்பாலும் அதற்குச் சற்று மேலே, 10 முதல் 16 டிகிரி கிடைக்கும் இடத்தில் நிற்கும். இலையுதிர் காலத்தில் மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்து இறங்க ஆரம்பிக்கும், காற்றும் சேர்ந்து கிளறிவிடும், ஸ்ட்ராவை விட்டுக் கலக்கின தே மாதிரி எல்லாம் ஒன்றாகிவிடும். அப்புறம் மீன் எந்த ஆழத்திலும் இருக்கலாம்.

அடுக்கு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். படகில் மீன் காட்டும் கருவி இருந்தால் மங்கலான ஒரு பட்டையாகத் திரையில் தெரியும். இல்லாவிட்டால் மீன்தொட்டிக் கடையில் வாங்கிய தெர்மோமீட்டரை ஒரு குறுகிய வாய்ப் போத்தலுக்குள் போட்டு, கூடவே எடைக்கு ஈயம் வைத்து, மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றில் இறக்குங்கள். ஒவ்வொரு முடிச்சிலும் இரண்டு மூன்று நிமிஷம் விட்டுச் சட்டென்று தூக்கிப் பாருங்கள். போத்தல் எதற்கென்றால், தெர்மோமீட்டரை வெறுமனே இறக்கினால் மேலே வரும் வழியில் சூட்டுத் தண்ணீர் பட்டு அளவு மாறிவிடும். போத்தல் ஆழத்துத் தண்ணீரையே மேலே கொண்டுவரும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த அடுக்கு 15, 20 மீட்டரில் இருந்தால் ஃபிளை கம்பை மடித்து வையுங்கள். ரோட்டோருவா பக்கத்து ஏரிகளில் கோடை முற்றியபின் உள்ளூர்க்காரர்களே ஜிக் என்கிற எடை வைத்த இரையைக் கட்டிச் செங்குத்தாக இறக்கித்தான் பிடிக்கிறார்கள். ஃபிளைக்கு நியாயமான ஆழம் 3 முதல் 8 மீட்டர், அடம்பிடித்தால் 10. இதனால்தான் தீபாவளி முடிந்து நவம்பர், டிசம்பரில் போகச் சொல்கிறேன். நியூசிலாந்தில் அது வசந்தம் முடிந்து கோடை தொடங்கும் நேரம், அடுக்கு இன்னும் ரொம்பக் கீழே போயிருக்காது.

அந்த ஆழத்திலும் மீன் எல்லா இடத்திலும் நிற்காது. கரையோரத்து மேடு முடிந்து தரை சட்டென்று சரியும் விளிம்பு, நீர்ச்செடி முடிகிற கோடு, ஓடை வந்து கலக்கும் வாய், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். நீர்ச்செடி வெளிச்சம் எட்டும் ஆழம் வரைதான் வளரும், அதில்தான் புழுவும் பூச்சியும் குடியிருக்கின்றன, ஆகவே செடியின் வெளி விளிம்பு என்பது மீனுக்கு மாமாக் கடை வாசல் மாதிரி. காற்றையும் கவனியுங்கள்: ஒரே திசையில் ஒரு நாளுக்கு மேல் வீசினால் சூடான மேல்தண்ணீர் காற்று போய் முட்டும் கரையில் குவிந்து அங்கே நடு அடுக்கைக் கீழே அழுத்தும், எதிர்க்கரையில் அது மேலே ஏறும். நேற்று 5 மீட்டரில் கிடைத்த மீன் இன்று அதே இடத்தில் 7 மீட்டருக்குப் போயிருப்பது இப்படித்தான். வெயிலும் அப்படியே. நீர்த்தெள்ளு என்கிற பொடிப்பூச்சிகள் பளிச்சென்ற வெயிலில் கீழே இறங்கும், மேகம் மூடினால் மேலே வரும். அவற்றைத் தின்கிற ரெயின்போவும் கூடவே ஏறி இறங்கும்.

கம்பும் லைனும்

கம்பு 10 அடி, 7 எண் (எந்த எடை லைனுக்கு ஏற்றது என்று சொல்லும் எண் அது). பெட்டிக்குள் அடங்கும் நான்கு துண்டுக் கம்பு வாங்குங்கள். செபாராவுக்கு வைத்திருக்கும் 9 அடிக் கம்பும் போதும், படகில் உட்கார்ந்து மீனைத் தூக்கும்போது அந்த ஒரு அடியின் அருமை தெரியும், அவ்வளவுதான்.

காசைப் போட வேண்டியது லைனில். ஃபிளை லைன்களின் பெட்டியில் அது ஒரு வினாடிக்கு எத்தனை அங்குலம் அமிழும் என்று போட்டிருக்கும். ஒரு மிதக்கும் லைன், வினாடிக்கு ஒன்றரை அங்குலம் போல மெதுவாக அமிழும் இன்டர்மீடியட், 3 அங்குல லைன் ஒன்று, 7 அங்குல லைன் ஒன்று; இந்த நான்கும் இருந்தால் எந்த ஏரிக்கும் போகலாம். இரண்டுதான் முடியும் என்றால் மிதக்கும் லைனும் 3 அங்குலமும். ஒவ்வொரு ஸ்பூலிலும் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள், எல்லாமே கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும், விடியற்காலை இருட்டில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

லீடருக்கு, அதாவது லைன் முனைக்கும் ஈக்கும் நடுவில் கட்டும் மெல்லிய இழைக்கு, 6 முதல் 8 பவுண்டு ஃபுளோரோகார்பன். நாம் தங்சி என்கிற சாதா நைலானைவிட இது சீக்கிரம் அமிழும். அமிழும் லைனில் லீடர் நீளமாக வேண்டாம், ஒரே ஈ கட்டினால் 5, 6 அடி போதும். நீளமாக விட்டால் லைன் கீழே போய்விடும், ஈ மட்டும் மேலே தொங்கிக்கொண்டு பின்னால் வரும்.

எண்ணிப் பிடிப்பது

இனி எல்லாமே கணக்கு. 3 அங்குலம் என்றால் 7.6 சென்டிமீட்டர். 4 மீட்டர் ஆழம் போக அந்த லைனுக்கு சுமார் 53 வினாடி ஆகும். 7 அங்குல லைனுக்கு 22 வினாடி. இன்டர்மீடியட்டில் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் நிமிஷம். பெட்டியில் போட்ட வேகம் ஒரு உத்தேசம்தான், லைனின் தடிமனும் ஈயின் எடையும் அதை மாற்றும், ஆனாலும் ஆரம்பிக்க இது போதும். நான் மனசுக்குள் எண்ணுவதில்லை. மீன் வருகிற பரபரப்பில் நம் வினாடிகள் ஓட ஆரம்பித்துவிடும். கைக்கடிகாரத்தைப் பார்த்தே எண்ணுகிறேன்.

வீசுங்கள். லைன் நேராக விழ வேண்டும், வளைந்து விழுந்தால் கொஞ்சம் இழுத்து நேராக்கிக்கொள்ளுங்கள். ஈ தண்ணீரில் பட்ட நொடியிலிருந்து 15 வினாடி விட்டு இழுங்கள். ஒன்றும் இல்லையா, அடுத்த வீச்சு 25. அப்புறம் 35, 45. ஒரு கட்டத்தில் ஈயில் செடி மாட்டிக்கொண்டு வரும். அதைக் கண்டு சலித்துக்கொள்ளாதீர்கள், தரை எங்கே என்று இப்போதுதான் தெரிந்திருக்கிறது. செடி 50இல் மாட்டினால் அடுத்து 45. இனி அந்த இடத்தில் 45க்கும் 35க்கும் நடுவில்தான் உங்கள் வேலை. நடுவில் மீன் அடித்தால் அந்த எண்ணை மறக்காமல் அதையே திரும்பத் திரும்பப் போடுங்கள். படகில் இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கொரு எண் வைத்துக்கொள்ளுங்கள், யாருக்குக் கடித்தாலும் மற்றவர் அதற்கு மாறிக்கொள்ளலாம். நானும் மச்சானும் இதில் ஒருவரையொருவர் ஏமாற்றியதும் உண்டு. 40இல் பிடித்துவிட்டு 25 என்று சொல்வார்.

வீச்சு நீளமாக இருக்கட்டும். இழுக்க ஆரம்பித்ததும் ஈ சாய்வாக மேலேறிக்கொண்டே வரும். 10 மீட்டர் வீச்சில் சரியான ஆழத்தில் அது இருப்பது கொஞ்ச தூரம்தான், 25 மீட்டர் வீசினால் அதைவிடப் பல மடங்கு.

லைன் இறங்கும்போது கம்பு நுனி தண்ணீரைத் தொட்டுக்கொண்டோ ஒரு சாண் உள்ளேயோ இருக்கட்டும். லைனைக் கையில் எட்டுப் போட்டுச் சுருட்டுவது போல மெதுவாக, மிக மெதுவாகச் சேருங்கள். தோமானுக்கு இழுத்துப் பழகிய கைக்கு இது பெரிய தண்டனை. நான்கைந்து சுருட்டுக்கு ஒருமுறை நிறுத்துங்கள், பிறகு ஒரு நீள இழுப்பு, மறுபடி மெதுவாக. ஆழத்தில் டிரவுட் கடிப்பது பல நேரம் கடி மாதிரியே இருக்காது. லைன் கனத்தாற்போல, ஈரத்துணி மாட்டியது போல இருக்கும். அப்போது கம்பை மேலே தூக்காதீர்கள். தூக்கினால் தொய்ந்த லைன்தான் நிமிரும், முள் ஏறாது. கையால் லைனை நீளமாக ஒரு இழுப்பு இழுத்து, எதிர்ப்பு தெரிந்தபின் கம்பைத் தூக்குங்கள்.

கடைசி சில மீட்டரில்தான் நிறைய பேர் மீனைக் கோட்டை விடுகிறார்கள். ஈயைப் பின்தொடர்ந்து வந்த மீன், ஈ படகை நெருங்கி மேலே ஏறும்போதுதான் முடிவெடுக்கும். கம்பை மெதுவாக உயர்த்தி, ஈ இன்னும் ஒரு மீட்டர் கீழே இருக்கும்போது அப்படியே பிடித்து நிறுத்துங்கள். பத்து வினாடி. முழுசாக. நான் பிடித்ததில் பாதிக்குக் கிட்ட இந்தப் பத்து வினாடியில் வந்தவைதான்.

அடுத்த வீச்சுக்கு ஒரு எச்சரிக்கை: அமிழ்ந்த லைனை ஆழத்திலிருந்து அப்படியே பிடுங்கி வீச முடியாது, கம்பு முறியும் அல்லது ஈ உங்கள் காதுக்கு வரும். நிறைய லைனை உள்ளே இழுத்துக்கொண்டு, முதலில் உருட்டி வீசி மிச்ச லைனைத் தண்ணீர் மேல் கொண்டுவந்து, அது மறுபடி அமிழுமுன் பின்வீச்சு எடுங்கள்.

தக்கை போட்டு ஆழம் பார்ப்பது

சின்ன வயதில் சித்தப்பாவோடு லொம்பொங் என்கிற பழைய சுரங்கக் குட்டைக்குப் போனவர்களுக்கு இது புதிதில்லை. அவர் தூண்டில் முள்ளில் ஈயக்குண்டை மாட்டி இறக்கித் தரையைத் தொட்டுப் பார்ப்பார், அப்புறம்தான் தக்கையை நகர்த்துவார். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா ஏரிகளில் டிரவுட்டுக்கும் ஃபிளைக்காரர்கள் அதையேதான் செய்கிறார்கள், ஈயக்குண்டுக்குப் பதில் மீன் வாயிலிருந்து முள் எடுக்கும் ஃபோர்செப்ஸ், அவ்வளவுதான் வித்தியாசம்.

மிதக்கும் லைன் கட்டுங்கள். லீடர் ஏரியின் ஆழத்தைவிட ஒரு மீட்டராவது நீளம். முனையில் கடிக்காத கொசு இனமான கைரனாமிட்டின் கூட்டுப்புழு போலக் கட்டிய ஈ, 12 அல்லது 14 எண் முள், தலையில் கனமான மணி. மீன்தொட்டிக் கடையில் உறையவைத்துக் கட்டியாக விற்கும் சிவப்புப் புழு இருக்கிறதே, அது இந்தப் பூச்சியின் புழுப் பருவம்தான். தரைச் சேற்றில் வாழும். அது கூட்டுப்புழுவாகி மேலே ஏறும்போது டிரவுட் வரிசையில் நின்று தின்னும். ஈக்கு அரை மீட்டர் மேலே ஒரு சின்ன சுழல்முடிச்சு வளையம் கட்டினால் சீக்கிரம் இறங்கும். இப்போது ஃபோர்செப்ஸை ஈயில் கவ்வவிட்டு, படகோரம் நேராகத் தரை தொடும் வரை இறக்குங்கள். தண்ணீர் மட்டத்தில் லீடரைப் பிடித்து, அங்கிருந்து ஈப்பக்கமாக ஒரு அடி தள்ளித் தக்கையைப் பூட்டுங்கள். ஈ தரைக்கு ஒரு அடி மேலே தொங்கும்.

தக்கை சாதாரணமானதாக இருந்தால் 6 மீட்டர் ஆழத்தில் ஒரு சிக்கல்: மீனைச் சுற்றிக் கொண்டுவரும்போது தக்கை கம்பு நுனியில் வந்து முட்டி நின்றுவிடும், மீன் இன்னும் 6 மீட்டர் தள்ளி இருக்கும். இதற்காகவே, மீன் இழுத்ததும் ஆப்பு கழன்று லீடரில் நழுவி இறங்கும் தக்கை விற்கிறது. அதை வாங்குங்கள்.

வீசும்போது அகலமான, சோம்பலான வீச்சு ஒன்றே ஒன்று. முன்னும் பின்னும் ஆட்டினால் அந்த நீள லீடர் சிலந்தி வலையாகிவிடும். படகை முன்னும் பின்னும் இரண்டு நங்கூரம் போட்டு நிறுத்துங்கள், ஒன்று மட்டும் போட்டால் படகு ஊஞ்சலாடி ஈயை இழுத்துக்கொண்டே இருக்கும். அப்புறம் சும்மா இருங்கள். சின்ன அலையே ஈயை ஆட்டும். அரை நிமிஷத்துக்கு ஒரு சின்ன இழுப்பு போதும். தக்கை முழுசாக முங்கும் என்று காத்திருக்காதீர்கள், லேசாகச் சாய்ந்தாலே கம்பைத் தூக்குங்கள்.

தக்கைக்கும் எட்டாத ஆழம், அதாவது 7, 8 மீட்டர் என்றால் இன்னொரு வழி. 7 அங்குல லைனை, ஆழம் எவ்வளவோ அவ்வளவு நீளம் மட்டும் வீசி, அது படகுக்கு அடியில் செங்குத்தாகத் தொங்கும் வரை விடுங்கள். பிறகு எட்டுப் போட்டு மெதுவாகச் சுருட்டிக்கொண்டே மேலே கொண்டுவாருங்கள். பார்க்க ஒன்றுமே செய்யாதது போல இருக்கும், மீன் அடிக்கும்போது கம்பு கையிலிருந்து போகும்.

பூபி என்றொரு குறும்பு ஈ

பூபிக்கு இரண்டு ஃபோம் கண்கள். அது மிதக்கும். வேகமாக அமிழும் லைனில், இரண்டு மூன்று அடி லீடரில் கட்டினால் லைன் தரையில் கிடக்கும், ஈ மட்டும் பலூன் போலச் செடிக்கு மேலே எழும்பி நிற்கும். லைனை இழுத்தால் தலைகுப்புறக் குனியும், விட்டால் எழும்பும். குளிர்காலத்தில் சோம்பிக் கிடக்கும் மீனுக்கு இதுபோல வேறில்லை. ஆனால் அசைக்காமல் கிடக்கவிட்டால் மீன் தொண்டை வரை விழுங்கிவிடும், அப்புறம் உயிரோடு விட முடியாது. அதனால் சில இடங்களில் அசையாத பூபிக்குத் தடை உண்டு. தடை இல்லாத இடத்திலும் அதை நகர்த்திக்கொண்டே இருங்கள்.

மற்ற ஈக்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கறுப்பிலும் ஆலிவ் பச்சையிலும் ஊலி பகர் என்கிற ஈ, தண்ணீரில் அட்டை போல அசையும்; எஸ்டேட்டில் வளர்ந்தவர்களுக்கு அட்டை எப்படி நெளியும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஊசித்தட்டானின் நீர்ப்பருவம் ஒன்று. ரோட்டோருவா, டவுப்போ பக்கம் போனால் ஸ்மெல்ட் என்ற விரல் நீள மீனைப் போல வெளிறிய ஈ ஒன்று. போதும். மீன் கடிக்காவிட்டால் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஆழத்தை மாற்றுங்கள்.

இங்கேயே பழகுவது

வீச்சுக்குத் தாமானில் உள்ள திடல் போதும். முள்ளில்லாமல் ஒரு கம்பளி நூல் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். "அங்கிள், காத்தாடியா?" என்று பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள், பின்வீச்சைப் பார்த்துச் செய்யுங்கள். எண்ணும் பழக்கத்துக்குப் பிடிக்க அனுமதியுள்ள ஒரு குட்டையையோ கட்டணக் குளத்தையோ தேடுங்கள். கட்டணக் குளத்தில் ஃபிளை கம்புக்கு இடம் கொடுப்பார்களா என்று முன்பே கேட்டுவிடுவது நல்லது, பின்னால் குடை விரித்து உட்கார்ந்திருப்பவர் மேல் லைன் விழுந்தால் அன்றைக்குப் பொழுது போய்விடும். அங்கே திலாப்பியாதான் நல்ல வாத்தியார். சின்ன ஈயை மெதுவாக உறிஞ்சி உடனே துப்பிவிடும், லைன் கனப்பதைக் கைக்குக் கற்றுக்கொடுக்கும்.

பயணத்துக்குச் சில குறிப்புகள். நியூசிலாந்தில் ஃபிஷ் அண்ட் கேம் என்ற அமைப்பு தரும் மீன்பிடி உரிமம் நாடு முழுக்கச் செல்லும், டவுப்போ வட்டாரத்தைத் தவிர. அதற்குத் தனி உரிமம். இரண்டையும் இணையத்திலேயே எடுக்கலாம். ஒவ்வொரு ஏரிக்கும் பருவமும், எத்தனை ஈ கட்டலாம் என்பதும் வேறுபடும், விதிகளைப் படித்துவிட்டுப் போங்கள். கம்பளி அடிப்பாகம் வைத்த தண்ணீர்க் காலணி அங்கே தடை. விமான நிலையத்தில் பயன்படுத்திய தூண்டில் சாமான், காலணி, இறகு வைத்துக் கட்டிய ஈ எல்லாவற்றையும் நுழைவு அறிவிப்பில் குறித்துக் காட்டுங்கள். நம் குட்டைச் சேறு ஒட்டிக்கொண்டிருந்தால் பிடித்து வைத்துக் கழுவச் சொல்வார்கள், அதனால் வீட்டிலேயே கழுவி நன்றாகக் காயவைத்துக்கொண்டு போங்கள்.

பிடித்த மீனை விடுவதாக இருந்தால் முள் நுனியில் இருக்கும் சின்ன எதிர்க்கொக்கியை முதலிலேயே நசுக்கிவிடுங்கள், கையை நனைத்துக்கொள்ளுங்கள், தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றுங்கள். டிரவுட்டின் காற்றுப்பைக்கும் தொண்டைக்கும் நடுவே குழாய் உண்டு, காற்றை வெளியே விட்டுக்கொள்ளும், ஆகவே ஆழத்திலிருந்து வந்தாலும் வயிறு ஊதிக் கஷ்டப்படுவது குறைவு. அதைக் கொல்வது மேலே உள்ள சூடு. மேல்தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் இருக்கும் நாளில் ஆழத்து மீனை இழுத்துப் போராடிவிட்டுத் திருப்பி விடுவது அதைக் கொல்வதற்குச் சமம். அன்றைக்கு ஒன்றிரண்டு சாப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள். மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிப் பொரித்தால் கொழுப்புள்ள மீன் அது, எண்ணெய் குறைவாகவே விடலாம்.

ஊர் திரும்பியதும் ஈக்களைப் பெட்டியோடு மூடி வைத்துவிடாதீர்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு ஒரே மாதத்தில் முள் துருப்பிடிக்கும். பெட்டியைத் திறந்து ஃபேன் காற்றில் இரண்டு நாள் வைத்து, காலணி டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு, அப்புறம் மூடுங்கள்.